நோயை அறியும் வித்தை யாருக்கு உரியது?

வைத்தியத்தின் முதற்காரியம் மருந்து கொடுப்பதன்று. வியாதி இன்னதென்று அறிவதேயாகும். இதை மறுப்பார் ஒருவருமில்லை. ஆயினும் நமது தேசத்தில் ஜனங்களின் சுகாதாரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கட்டடம் எத்தனை, படுக்கை எத்தனை, யந்திரம் எத்தனை என்று கணக்குக் கேட்கிறோமேயன்றி, நோயாளியை முதன்முதலில் பார்க்கிறவருக்குப் பார்க்கத் தெரியுமா என்று கேட்பவர் மிகச் சிலரே. கட்டடத்தைத் திறந்துவைக்க மந்திரிகள் வருகிறார்கள். நர்ஸ் ஒருத்தி குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டாள் என்பதற்காக எந்த ஊரிலும் தோரணம் கட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கிராமத்தில் நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர். நர்ஸ் அல்லது சுகாதார ஊழியரே. இவர்களுக்கு நோயாளியை முறையாகச் சோதிக்கவும், கண்டதைக்கொண்டு வியாதியை நிதானிக்கவும் உயர்ந்த பயிற்சி அளிக்கவேண்டும். அப்பயிற்சி பெற்றவர்களுக்குச் சட்டத்தில் தெளிவான ஸ்தானமும் இருக்கவேண்டும். ஓர் அத்தாட்சிப் பத்திரத்தை மாத்திரம் கையில் கொடுத்து இக்கடமையைத் தட்டிக்கழிப்பது ஜனங்களை வஞ்சிப்பதாகும். இதுவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயம். இதற்குரிய காரணங்களை நேயர்கள் முன் வைக்கிறோம்.

ரோக நிதானம் என்பது பிறவியிலே வருகிற வரமன்று. பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதுமன்று. அது பழக்கத்தால் வருகிற வித்தை. சரகர் காலத்து ஆயுர்வேதம் பார்த்தல், தொடுதல், வினாவுதல் என்று மூன்று வழிகளைச் சொல்லிற்று. நமது சித்தர் மரபு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டாக விரித்தது. வியன்னா நகரத்து அவுவன்பிரக்கர் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையின் வேற்றுமையால் உள்ளே நீர் கட்டியிருப்பதை அறியலாமென்று 1761-ம் வருஷத்தில் நூல் வெளியிட்டார். அவர் காலத்து வைத்தியர்களில் அதை மதித்தவர் சிலரே. பிரெஞ்சு வைத்தியரான கோர்விசார் 1808-ல் அந்நூலைத் தமது பாஷையில் பெயர்த்த பிறகே அது பரவிற்று. 1816-ல் பாரிஸில் லென்னெக் என்பவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் காது கொடுத்தார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. ஒரு காலத்தில் இரண்டொரு மேதைகளுக்கு மாத்திரம் தெரிந்திருந்த வித்தை இன்று வைத்தியக் கல்லூரி மாணவர் எல்லாருக்கும் பாலபாடமாகிவிட்டது. கற்பித்தால் வரும் வித்தையை இன்னாருக்குத்தான் கற்பிப்போம் என்று வேலி கட்டுவதற்கு வேறு காரணம் வேண்டும்.

முதற்பார்வை தவறினால் நேரும் கதியைச் சில திருஷ்டாந்தங்களால் காட்டுவோம். தரையில் படுத்துறங்கிய குடியானவன் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறான். கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. அறியாதவர் அஜீர்ணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அறிந்தவர் அவனுடைய இமைகளைப் பார்ப்பார். இமை தாழ்ந்து, பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தால் கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது என்று நிதானித்து, மூச்சு நிற்குமுன் விஷமுறிவு மருந்தும் சுவாச யந்திரமும் உள்ள இடத்துக்கு அனுப்புவார். அந்த மனிதனுடைய உயிர், அந்தக் காலை நேரத்தில் ஒருவர் அவன் இமையைக் கவனித்தாரா இல்லையா என்பதில் தொங்குகிறது.

கண்ணாடி விரியன் விஷயம் இன்னும் சுலபமானது. நோயாளியின் இரத்தத்தில் இரண்டு மில்லி அளவு எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்கவேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய பரிசோதனைச்சாலை வேண்டாம்; மின்சாரமும் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் உதவாது என்பதும், 20 நிமிஷம் என்றால் 20 நிமிஷமே என்பதும் கற்றுத் தெரியவேண்டும். கருவுற்று ஐந்து மாதம் கடந்த பெண் தலைவலி என்றும், கண் மங்குகிறதென்றும், மேல்வயிறு வலிக்கிறதென்றும் சொல்லும்போது இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறதா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த நர்ஸ் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுவாள். தெரியாதவள் களைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். இழுப்பு வந்த பின்னரே உண்மை வெளியாகும்.

இருமலும் ஜுரமுமாக வரும் குழந்தைக்கு நிமோனியாவா, வெறும் சளியா என்பதை அறிய, குழந்தை அழாமலிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்டதற்கு 50, ஐந்து வயது வரையில் 40 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். இவ்வெல்லையை எட்டினால் அபாயம். மஹாராஷ்டிரத்துக் கட்சிரோலி ஜில்லாவில் டாக்டர் அபய் பங்கும் அவர் மனைவி டாக்டர் ராணி பங்கும் 1986-ல் ஸ்தாபித்த 'ஸர்ச்' என்ற நிலையம் இந்த வித்தையைக் கிராமத்து ஸ்திரீகளுக்குக் கற்பித்தது. அவ்வளவோடு நிற்காமல், பிறந்த சிசுவின் உடம்பில் விஷக்கிருமி ஏறியிருப்பதற்கான குறிகளைக் கண்டுபிடிக்கவும், கண்டால் ஊசி மருந்து போடவும் பழக்கிற்று. 39 கிராமங்களில் நடந்த இம்முயற்சியின் பலன் 1999-ல் 'லான்செட்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஆயிரம் சிசுக்கள் பிறந்தால் முதல் மாதத்துக்குள் 62 இறந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றாம் வருஷம் இறந்தவை 25 அல்லது 26. பயிற்சி நடவாத பக்கத்துக் கிராமங்களிலோ அத்தொகை 60-ஐ ஒட்டியே நின்றது. பிற்காலத்தில் இந்திய சர்க்கார் ஆஷா ஊழியர்களைக்கொண்டு வீடுதோறும் சிசுக்களைப் பார்க்கச் செய்த திட்டத்துக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

இனி, இவ்வித்தை நமது கிராமங்களுக்கு எட்டாமற் போனதன் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். சுயராஜ்யத்துக்கு முன் தேசத்தில் இரண்டு வகை வைத்தியர்கள் இருந்தார்கள். கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை. வைத்தியப் பாடசாலைகளில் குறைந்த காலம் படித்து லைசென்ஸ் பெற்ற எல்.எம்.பி. வைத்தியர்கள் மற்றொரு வகை. சென்னையில் 1938-ல் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லியும் அதற்குமுன் இத்தகைய பாடசாலையே. போர் கமிட்டி எடுத்த கணக்கின்படி 1941-ல் பதிவு பெற்றிருந்த வைத்தியர் 47,524 பேர். அவர்களில் 29,870 பேர் லைசென்ஸ் வைத்தியர்கள். அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்.

1946-ல் அறிக்கை வெளியிட்ட அக்கமிட்டி, இனிமேல் ஒரே வகை டாக்டர்தான், அவர் பட்டதாரியாகத்தான் இருக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. அங்கத்தினர் சிலர் இதற்கு மாறுபட்டு எழுதினர். அவர்கள் சொல் எடுபடவில்லை. கமிட்டியின் நோக்கம் உயர்ந்ததே. பட்டணத்தானுக்கு முதல்தர வைத்தியன், பட்டிக்காட்டானுக்கு இரண்டாந்தர வைத்தியன் என்ற பேதம் சுதந்தர தேசத்தில் இருத்தலாகாது என்பது அதன் கருத்து. அக்காலத்தில் 6,300 ஜனங்களுக்கு ஒரு வைத்தியரும், 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸும் இருந்ததாக அதே கமிட்டிதான் எழுதி வைத்தது. பழைய பாடசாலைகள் மூடப்பட்டன. பட்டதாரி டாக்டர்களில் பெரும்பாலோர் பட்டணங்களிலேயே தங்கினர். இரண்டாந்தர வைத்தியன் வேண்டாம் என்று விலக்கிய அநேகம் இடங்களில் படிப்பே இல்லாத போலி வைத்தியன் வந்து உட்கார்ந்துகொண்டான். நல்ல கொள்கை நடைமுறைக்கு வராதபோது ஏழைக்கு மிஞ்சுவது இதுவே.

இக்குறையை நீக்கச் சில மாகாணங்கள் துணிந்தன. சத்தீஸ்கர், ராஜ்யமாகப் பிரிந்த மறுவருஷமாகிய 2001-ல், மூன்று வருஷ வைத்தியப் படிப்பு ஒன்றை ஏற்படுத்திற்று. டாக்டர் சங்கங்கள் எதிர்த்தன. சில வருஷங்களில் அப்படிப்பு நின்றது. ஆயினும் படித்து வந்தவர்கள் பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராம வைத்திய உதவியாளராக அமர்த்தப்பட்டார்கள். பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அவர்களையும் பட்டதாரி டாக்டர்களையும் ஒரே அளவுகோலால் சோதித்தார்கள். சாதாரண வியாதிகளை நிதானித்துச் சிகிச்சை செய்வதில் இவ்விரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. அதே சோதனையில் மிகவும் தாழ்ந்து நின்றவர்கள், டாக்டர் இல்லாததால் அந்த வேலையைச் செய்யும்படி விடப்பட்ட நர்ஸ்களும் மருந்தாளர்களுமே. அவர்களுக்குப் புத்தி குறைவு என்று யாரும் சொல்லமுடியாது. நிதானிக்கும் வித்தையை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. வேலையை மாத்திரம் தலையில் வைத்தார்கள். பயிற்சியே வேற்றுமையை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டுமா?

அஸ்ஸாமின் அநுபவம் சட்டமறிந்தோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அந்த ராஜ்யம் 2004-ல் தனிச் சட்டம் இயற்றி, மூன்று வருஷ டிப்ளமோ பெற்றவர்களைக் கிராமங்களில் வைத்தியம் செய்ய அநுமதித்தது. கௌஹாத்தி ஹைகோர்ட் 2014-ல் அச்சட்டம் செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட்டும் 2023 ஜனவரியில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வைத்தியக் கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உரியது, ராஜ்யம் அதற்கு முரணாகச் சட்டம் செய்யலாகாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே தீர்ப்பில், அந்த டிப்ளமோக்காரர்களைச் சமூக சுகாதார ஊழியராக அமர்த்துவதற்கு அஸ்ஸாம் 2015-ல் செய்த வேறொரு சட்டம் செல்லும் என்றும் ஏற்கப்பட்டது. ஆதலால் கோர்ட்டுகள் இவ்வழியையே அடைத்துவிட்டன என்று சொல்வது பிசகு. உரிய அதிகாரமுள்ள சபை, உரிய தரத்தை வகுத்து, உரிய பெயரால் செய்யவேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

பார்லிமெண்டும் சும்மாயிருக்கவில்லை. 2019-ம் வருஷத்து தேசீய வைத்தியக் கமிஷன் சட்டத்தின் 32-வது பிரிவு, நவீன வைத்தியத் தொழிலோடு சம்பந்தமுள்ளவர்களுக்குச் 'சமூக சுகாதாரம் அளிப்போர்' என்ற பெயரில் வரம்புக்குட்பட்ட லைசென்ஸ் கொடுக்க இடந்தருகிறது. அவர்கள் தொகை பதிவு பெற்ற டாக்டர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஆரம்ப சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் மாத்திரமே அவர்கள் குறிப்பிட்ட மருந்துகளைச் சுயமாக எழுதலாம். மற்றவற்றில் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2018-ல், ஒன்றரை லக்ஷம் சுகாதார நலநிலையங்கள் அமைக்கும் திட்டம் தொடங்கி, துணை நிலையங்களில் சமூக சுகாதார அதிகாரி என்ற பதவி ஏற்பட்டது. நர்ஸ் படிப்போ ஆயுர்வேதப் படிப்போ முடித்தவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து இப்பதவியில் அமர்த்தினார்கள். நர்ஸ்களுக்குத் தீவிர சிகிச்சையில் இரண்டு வருஷ உயர்பயிற்சி ஒன்றையும் இந்திய நர்ஸிங் கௌன்ஸில் 2017 முதல் நடத்த ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் ஸ்திரீ ஊழியர்களை வீட்டுவாசலுக்கே அனுப்பிற்று.

இவையெல்லாம் போற்றத்தக்க காரியங்களே. ஆயினும் அளப்பது வேறு, நிதானிப்பது வேறு. கருவி 160 என்று காட்டினால் அதைச் சீட்டில் எழுதிக்கொள்வது அளப்பது. பயத்தால் ஏறியதா, மருந்தை நிறுத்தியதால் ஏறியதா, மூத்திரகோசத்தின் கோளாறா, இவனை இன்றே அனுப்பவேண்டுமா, ஒரு வாரம் பார்க்கலாமா என்று யோசித்து முடிவு சொல்வது நிதானிப்பது. பின்னதை ஆறு மாதத்தில், பெரும்பாலும் ஏட்டைக்கொண்டு, பழக்கிவிடலாம் என்று நினைப்பது நீச்சலைக் கரையிலிருந்து கற்பிப்பது போலாகும்.

டாக்டர்கள் கூறும் ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அரைகுறையாய்ப் படித்தவன் கையில் அதிகாரம் கொடுத்தால், சாதாரண ஜுரம்போல் வேஷம் போட்டுவரும் பெரிய வியாதி தப்பிப்போகும் என்கிறார்கள். இது மெய்யான அச்சமே. இங்கிலாந்தில் வைத்தியத் துணைவர்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் கில்லியன் லெங், வியாதி இன்னதென்று நிதானிக்கப்படாத நோயாளிகளைத் தெளிவான விதிமுறைகளுக்கு உட்பட்டாலன்றி அவர்கள் பார்க்கலாகாது என்று 2025-ல் சிபாரிசு செய்தார். எல்லை வகுக்காமல் ஆட்களைப் பெருக்கினால் அவநம்பிக்கையே விளையும் என்று நாம் இதிலிருந்து அறியலாம். ஆனால் அங்கே டாக்டர் அடுத்த அறையில் இருக்கிறார். நமது மலைக்கிராமத்தில் அடுத்த டாக்டர் இரண்டு பஸ் மாறிப்போகவேண்டிய தூரத்தில் இருக்கிறார். அங்கே நர்ஸ் நிதானிக்கலாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் தினந்தோறும் ஏதோ ஒரு விதமாக நிதானித்துக்கொண்டுதானிருக்கிறாள். கற்று நிதானிக்கட்டுமா, கல்லாமல் நிதானிக்கட்டுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அப்படியாயின் பயிற்சி எவ்வாறிருக்கவேண்டும்? முதலாவது, அது நோயாளியின் படுக்கையருகே நடக்கவேண்டும். இத்தனை மார்புகளைக் கேட்டார், இத்தனை வயிறுகளைத் தொட்டுப்பார்த்தார், இத்தனை சிசுக்களின் மூச்சை எண்ணினார் என்று ஆசிரியர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே தேர்வுக்கு அநுமதிக்கவேண்டும். இரண்டாவது, யோசிக்கும் முறையைக் கற்பிக்கவேண்டும். இந்தக் குறிகளுக்கு எவ்வெவ் வியாதிகள் காரணமாகலாம், அவற்றுள் தப்பவிட்டால் உயிரைக் கொல்லக்கூடியது எது என்ற கேள்வி தானாகவே மனத்தில் எழும்படி பழக்கவேண்டும். மூன்றாவது, தன் எல்லையை அறிவது. எப்போது தன்னால் முடியாது என்று தெரிந்துகொண்டு மேலே அனுப்புகிறவரே சிறந்த நிதானி. நான்காவது, அனுப்பிய நோயாளிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் என்ன வியாதி என்று கண்டார்கள் என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பி வரவேண்டும். தன் கணிப்பு சரியா, தப்பா என்று ஒருநாளும் அறியாதவர் 20 வருஷம் வேலை செய்தாலும் முதல் வருஷத்து அறிவோடேயே இருப்பார். ஐந்தாவது, இப்பயிற்சி பெற்றவர்களுக்குத் தனிப் பதவியும், தக்க சம்பளமும், எதைச் செய்யலாம் எதைச் செய்யலாகாது என்று எழுத்தில் வகுத்த அதிகாரமும் வேண்டும். இவை இல்லாமற் போனால், பயின்ற நர்ஸ் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருப்பாள். அல்லது கப்பலேறி அயல்நாட்டுக்குப் போய்விடுவாள்.

தூரத்து டாக்டரைத் திரையில் காட்டும் ஏற்பாடு வந்துவிட்டதே, 2019-ல் தொடங்கிய இ-சஞ்சீவனி இருக்கிறதே, இவ்வளவு பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். திரையில் தோன்றும் டாக்டரால் வயிற்றைத் தொட்டுப்பார்க்க இயலாது. நோயாளியின் பக்கத்திலிருப்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறாரோ அதுவே அவருக்குச் சாட்சியம். சாட்சிக்குக் கண்ணில்லையென்றால் எவ்வளவு பெரிய நியாயாதிபதியும் பிழையான தீர்ப்பையே சொல்லுவார்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது, வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பணிபுரிவோன் என்னும் நான்கு உறுப்புடையது என்று வகுத்தார். நாலாவது உறுப்பை மற்ற மூன்றோடும் சமமாக வைத்து எண்ணினார் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். நாமோ அவ்வுறுப்பைத் துணி மாற்றவும், மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் மாத்திரம் உரியதாக்கி, அதன் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறோம்.

சுயராஜ்யத்துக்காகப் பாடுபட்ட தலைமுறையினர், அதன் பயன் கடைசிக் குடிசை வரையில் சென்று சேரும் என்று நம்பினார்கள். கடைசிக் குடிசையில் நோயுற்றவனுக்கு முதலில் வேண்டியது அவனைப் பார்க்கத் தெரிந்த ஒரு கண். தேசத்தொண்டில் ஈடுபட்டுள்ள நேயர்கள் தத்தம் ஊர்த் துணை நிலையத்துக்குச் சென்று, இங்கே இருப்பவருக்கு எத்தனை மாதம் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில், யார் மேற்பார்வையில் என்று விசாரிக்கட்டும். கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று கேட்கட்டும். பதிலை எழுதிக்கொண்டு வந்து தங்கள் சட்டசபைப் பிரதிநிதியிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்கச் செய்யட்டும். புதுக் கட்டடம் வேண்டும் என்ற மனுக்கள் மந்திரிகளிடம் ஏராளமாகக் குவிந்து கிடக்கின்றன. உள்ளே இருப்பவருக்குக் கற்பியுங்கள் என்ற மனுவும் இனி அவற்றோடு போய்ச் சேரவேண்டும்.